வரையாட்டைப் படம் பிடிக்கப் போகிறீர்களா?

காஞ்சிப் பட்டுச் சேலையில் மயில் உண்டு, அன்னம் உண்டு, யானை உண்டு. இல்லாத மிருகமான யாளி கூட உண்டு. இவற்றைக் காஞ்சிபுரத்துக் குழந்தையும் அடையாளம் சொல்லிவிடும். ஆனால், "தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது?" என்று கேட்டால் பெரியவர்களே யோசிப்பார்கள்.

அது வரையாடு. வரை என்றால் மலை. சங்கப் பாட்டில் வரும் "வருடை" இதுதான் என்று புலவர்கள் கூறுவார்கள். இதை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம். அதன் வீடு அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது!

புல் மலை

ஊட்டிக்கு மேற்கே முக்குருத்தி மலை. உயரம் 8 ஆயிரம் அடிக்கு மேல். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். மலை மடிப்புகளில் மட்டும் சிறு சிறு சோலைக் காடுகள். மேற்கு ஓரத்தில் செங்குத்தான பாறை. அதற்கும் கீழே கேரளம்.

வரையாடு மேய்வது புல்லில். ஆபத்து வந்தால் ஓடுவது பாறைக்கு. அங்கே சிறுத்தையும் செந்நாயும் எளிதில் தொடர முடியாது.

விடியும் முன்னே

இங்கே படம் பிடிக்க வனத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர் இருட்டோடு புறப்பட வேண்டும். காலையிலும் மாலையிலும்தான் ஆடுகள் மேயும். வெயில் ஏறினால் பாறையில் படுத்துவிடும். தை மாதத்தில் புல் மீது உறைபனி படிந்திருக்கும். விரல் விறைத்து, கேமராவின் பொத்தானை அழுத்துவதே பெரும்பாடு. மூடுபனி வந்துவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

கூட்டம் படுத்திருக்கும்போது ஒரு பெட்டை மட்டும் நின்று காவல் காக்கும். அதன் கண் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் பார்க்கும். எதிரி கீழே இருந்துதான் வருவான் என்பது அதன் கணக்கு. ஆகவே அனுபவசாலிகள் மேலே ஏறி, காற்றுக்கு எதிராக, தவழ்ந்து இறங்குவார்கள். மனித வாடை பட்டால் ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும். அவ்வளவுதான், கூட்டம் மறைந்துவிடும்!

எல்லோரும் ஆசைப்படுவது கிழட்டுக் கிடாவின் படத்துக்கு. உடல் கருமை. முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு. எடை பெட்டையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குட்டி தவிக்கும்

இங்கேதான் ஒரு சோதனை. குளிர் காலமே குட்டி போடும் காலம். பெரும்பாலும் ஒரே குட்டி. இன்னும் நாலடி நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும். ஆனால் தாய் மிரண்டு பாறையில் பாய்ந்தால் பிறந்த குட்டி பின்தங்கித் தவிக்கும். அப்போது கேமராவை மூடிக்கொண்டு திரும்புகிறவரே நல்ல படக்காரர். மூணாறு அருகே உள்ள இரவிகுளத்தில் ஆடுகள் மனிதருக்குப் பழகியவை. அங்கே கூட, குட்டி போடும் காலத்தில் பார்வையாளர்களை விடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு கேமராவை அமைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களில் காட்டு யானைகளை உயிரோடு நிறுத்தினார்.

புல் இருந்தால் ஆடு

வரையாட்டுக்கு வேட்டைக்காரன் மட்டும் எதிரி அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. அதன் பட்டை தோல் பதனிட உதவும். "வெறும் புல்தானே" என்று மலை மலையாக நட்டார்கள். சீகை பரவிய இடத்தில் புல் அழிந்தது. புல் போனால் ஆட்டுக்கு மேய்ச்சல் ஏது?

2022-ல் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு வேலை. 2024-ல் தமிழ்நாட்டில் எண்ணியபோது இருந்தவை 1,031. 2025-ல் 1,303.

ஒரு சிற்றூரின் ஜனத்தொகைகூட இதைவிட அதிகம் இருக்கும். தமிழ்நாட்டில் நம் மாநில விலங்கு மொத்தமே இவ்வளவுதான்!