சுண்ணாம்பும் நெருப்பும் காத்த நிறங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், மதிலோடு மதிலாக நிற்கும் அரண்மனை வளாகமும் யூதர்களின் பரதேசி தொழுகைக்கூடமும், தீட்டிய வண்ணத்தைத் தலைமுறைகள் கடந்தும் நிலைக்கச் செய்வது எப்படி என்ற ஒரே வினாவுக்கு இரண்டு நாகரிகங்கள் கண்ட இரண்டு விடைகளைத் தம்முள் வைத்திருக்கின்றன. அரண்மனைச் சுவர்களில் மண்ணும் மரப்பாலும் விளக்குக் கரியும் சுண்ணாம்பின் மேல் ஏறி ஓவியமாகியிருக்கின்றன. தொழுகைக்கூடத்தின் தரையில், சீனத்துச் சூளையில் வெந்த பீங்கான் ஓடுகளின் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் நீலம் உறைந்திருக்கிறது. ஒன்று சூளைத் தீயே படாத நிறம், மற்றொன்று தீயினால் மட்டுமே பிறந்த நிறம். சில நிமிட நடைத் தொலைவுக்குள் இவ்விரண்டையும் ஒருசேரக் காணக்கூடிய இடம் இந்தியாவில் மிக அரிது. கொச்சியைப் பற்றி எழுதப்படுவனவற்றில் மிளகுக்கும் கப்பலுக்கும் கிடைக்கும் இடம் இந்தப் பொருள்களின் அறிவியலுக்குக் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கொச்சித் துறைமுகமே ஒரு வெள்ளத்தின் விளைவாகக் கருதப்படுகிறது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய முசிறி இருந்த கொடுங்கல்லூர்ப் பகுதியின் துறைமுகத்தை மண்ணால் தூர்த்து, தெற்கே கொச்சியின் முகத்துவாரத்தை ஆழமாக்கியது என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் செய்தி. வணிகம் அங்கிருந்து இங்கே நகர, அதன் பின்னால் அரச குடும்பமும் நகர்ந்தது. போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்த அரண்மனையே மட்டாஞ்சேரி அரண்மனை. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்ததால், கட்டியவர் பெயர் மறைந்து புதுப்பித்தவர் பெயரால் ‘டச்சு அரண்மனை’ என்று வழங்கத் தொடங்கியது. அதன் பள்ளியறைச் சுவர்களை நிறைத்திருக்கும் இராமாயண ஓவியங்கள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும், வேறு அறைகளில் உள்ள சிவன், திருமால், கண்ணன் ஓவியங்களில் பல அதற்குப் பிந்தியவை என்றும் கணிக்கப்படுகின்றன.

இந்த ஓவியங்களைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டிய இடம் வண்ணமன்று, சுவர். கேரளக் கரையோரத்தின் கட்டுமானக் கல், தமிழில் செம்புரைக்கல் என்றும் மலையாளத்தில் வெட்டுக்கல் என்றும் வழங்கும் செந்நிறக் கல்லாகும். 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லைப் பற்றி எழுதியதன் மூலமாகத்தான் உலகப் புவியியலுக்கு ‘லேட்டரைட்’ என்ற வகையே அறிமுகமாயிற்று. கனமழையும் வெப்பமும் மாறிமாறித் தாக்கும் நிலத்தில், பாறையிலுள்ள கரையக்கூடிய பொருள்கள் எல்லாம் நீரோடு வெளியேற, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிவிடுவதால் உருவாவது இந்தக் கல். தரையிலிருந்து வெட்டும்போது மண்வெட்டிக்கு இணங்கும் அளவு மென்மையாக இருந்து, காற்றுப்பட உலர்ந்தபின் இறுகிவிடும் இதன் இயல்பு கட்டுவோருக்கு வரமாக அமைந்தது. ஆனால் அதன் உடல் முழுவதும் துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளின் மேல் ஓவியம் நிற்க வேண்டுமானால் இடையே ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல்தான் சுண்ணாம்புச் சாந்து.

கொச்சிக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சல்கள் இப்பகுதியின் சுண்ணாம்புக்கு மூலப்பொருள். ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட்டால் ஆன கிளிஞ்சலைச் சூளையிலிட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 100 கிராம் கிளிஞ்சல் 56 கிராம் சுண்ணாம்பாகச் சுருங்கும். அதில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாக மாறும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, மாதக்கணக்கில் இறுகி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. அதாவது காயலில் ஓர் உயிர் தன் உடலைக் காக்கக் கட்டிய ஓடு, தீயில் கலைந்து, காற்றோடு சேர்ந்து, சுவரின்மேல் அதே வேதிப்பொருளாகத் திரும்பி உருவாகிறது.

கேரள மரபில் இந்தச் சுவரைத் தயாரிக்கும் பொறுமை வியப்புக்குரியது. சுண்ணாம்பும் மணலும் கலந்த முதல் பூச்சில் கடுக்காய் ஊறிய நீர் சேர்க்கப்படுகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின், சாந்தின் பிடிப்பைக் கூட்ட உதவுகிறது. இரண்டாம் பூச்சில் பஞ்சு அரைத்துச் சேர்க்கப்படுகிறது. உலரும்போது சாந்து சுருங்கி வெடிக்காமல் அந்த இழைகள் இழுத்துப் பிடிக்கின்றன. மூன்றாவதாக, சுண்ணாம்பை இளநீரில் கரைத்து, முந்தைய பூச்சு உலர உலர 25 முதல் 30 முறை வரை மெல்லியதாகத் தடவுகிறார்கள். இவ்வாறு கிடைக்கும் பரப்பு, பளிங்கை நினைவூட்டும் வெண்மையுடையது. ஓவியத்தில் வெள்ளை என்று தனியாக எதுவும் பெரும்பாலும் தீட்டப்படுவதில்லை என்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்: தெய்வங்களின் கண்வெண்மையும் முத்துமாலையும் பூச்சின்றி விடப்பட்ட சுவரே.

ஈரச் சாந்தின் மேல் தீட்டும் முறை வேறு. உலர்ந்த சாந்தின் மேல் பிசின் கலந்து தீட்டும் முறை வேறு. முதலாவதில் சுண்ணாம்பு இறுகும்போதே வண்ணத் துகள்களைத் தன் படிகங்களுக்குள் பூட்டிக்கொள்கிறது. எனவே ஓவியர் சாந்து உலர்வதற்குள் முடித்தாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தபின், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, அவை ஈரச்சாந்து முறையில் தீட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். கலை ஆராய்ச்சியில் வேதியியல் சான்றுக்கு இடமுண்டு என்பதைத் தமிழ்நாட்டில் நிறுவிய முன்னோடிப் பணி அது. மட்டாஞ்சேரி உள்ளிட்ட கேரள ஓவியங்கள் உலர்சாந்து மரபைச் சேர்ந்தவை; வண்ணத்தைச் சுவரோடு ஒட்டவைப்பது வேப்பம் பிசின். ஓவியர் நிதானமாக வேலை செய்ய இது இடம்கொடுத்தது. அணிகலன் ஒவ்வொன்றின் மணியையும் தனித்தனியே எழுதும் அந்த நுணுக்கம் இந்த நிதானத்தின் பயன். ஆனால் பிசின் பிடிப்பது படிகப் பிடிப்பைப் போல வலுவானதன்று என்பதால், ஈரமும் உப்பும் இவ்வகை ஓவியங்களையே முதலில் தாக்குகின்றன.

வண்ணங்கள் ஐந்து: மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை. சுவரின் கல்லைத் தந்த அதே செம்மண்தான் காவிச் சிவப்பையும் காவி மஞ்சளையும் தந்தது. இரண்டும் இரும்பின் சேர்மங்களே. மஞ்சளில் இரும்பு ஆக்சைடோடு நீரின் கூறும் பிணைந்திருக்கிறது, சூடேற்றி அதை வெளியேற்றினால் மஞ்சள் சிவப்பாகிவிடும். காற்றோடும் ஒளியோடும் ஏற்கனவே முழுதும் வினைபுரிந்து முடித்துவிட்ட பொருள் என்பதால் காவிக்கு மங்க வழியே இல்லை. உலகின் குகை ஓவியங்களில் இன்றும் சிவப்பே தெளிவாக நிற்பதற்குக் காரணம் இதுதான். கருப்பு, நல்லெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் மண்சட்டியைக் கவிழ்த்துச் சேகரித்த கரி. கரிமமும் எளிதில் அழியாதது.

பச்சைதான் சிக்கலானது. கேரள மரபில் அது இரண்டு தாவரப் பொருள்களின் கலவை: அவுரியிலிருந்து எடுத்த நீலமும், எரவிக்கறை என்று வழங்கும் மரப்பாலின் மஞ்சளும். அந்த மரம் கொடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் பட்டையைக் கீறினால் வடியும் மஞ்சள் பால் உறைந்து பிசினாகும். இந்த மஞ்சளுக்குக் காரத்தன்மை ஆகாது. சுண்ணாம்போடு நேரே சேர்ந்தால் செம்மையை நோக்கித் திரிந்துவிடும். அதனால் பச்சை தீட்டவேண்டிய இடங்களில் முதலில் எலுமிச்சைச் சாறு தடவிச் சுவரின் காரத்தைத் தணிக்கும் வழக்கம் ஓவியரிடையே உண்டு. அமிலம், காரம் என்ற சொற்களை அறியாத தொழிலறிவு, அவற்றின் செயலை இவ்வளவு துல்லியமாக அறிந்து பயன்படுத்தியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் இயற்றிய ‘சில்பரத்னம்’ என்ற வடமொழி நூல் சுண்ணாம்பு, வண்ணம், தூரிகை ஆகியவற்றைத் தயாரிக்கும் முறைகளுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பது, இந்த அறிவு எழுத்திலும் ஏறியிருந்ததைக் காட்டுகிறது.

பச்சையின் பலவீனம் அதிலுள்ள அவுரி நீலத்தில் இருக்கிறது. அவுரி இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்த நீரைக் கலக்கிக் காற்றோடு உறவாடவிட்டால், நிறமற்ற மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து நீலமாகின்றன. அந்த நிறம் மூலக்கூறின் நடுவிலுள்ள ஓர் இரட்டைப் பிணைப்பைச் சார்ந்தது. ஒளியும் ஆக்சிஜனும் காலப்போக்கில் அதை அறுத்துவிட்டால் நீலம் வெளிறிவிடும். மெக்சிகோவின் மாயா மக்கள் இதே அவுரி நீலத்தை ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடேற்றி, களிமண்ணின் நுண்குழாய்களுக்குள் மூலக்கூறுகளை அடைத்துவைத்து, மழைக்காட்டின் ஈரத்திலும் பல நூற்றாண்டு மங்காத ‘மாயா நீலத்தை’ உருவாக்கினர். கேரளத்தில் அந்த வழி நடைமுறைக்கு வரவில்லை. பள்ளியறை போன்ற வெளிச்சம் குறைந்த அறைகளே பச்சைக்கு அரணாக இருந்தன.

அழியாத நீலம் மட்டாஞ்சேரிக்குக் கடல் வழியாக வந்தது. பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது; டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரஹாபி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனத்திலிருந்து நீலவெள்ளைப் பீங்கான் ஓடுகளை வரவழைத்து அதன் தரையில் பதித்தார். பீங்கானுக்கு வேண்டியவை, கயோலின் எனப்படும் வெண்களிமண்ணும் பாறைத் துகளும். சுடாத ஓட்டின்மேல் கோபால்ட் கலந்த மையால் கோலமிட்டு, அதன்மேல் கண்ணாடியாக உருகும் பூச்சைத் தடவி, 1300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஒரே முறையில் சுட்டெடுப்பது சீனரின் முறை. அந்த வெப்பத்தில் பாறைத்துகள் உருகித் துளைகளை அடைக்க, உடல் இறுகி நீர் புகாததாகிறது. கோபால்ட் பூச்சுக்குள் கரைந்து கண்ணாடியின் அங்கமாகிறது. இங்கே நிறம் தருவது பிணைப்பு அறுந்தால் அழியும் மூலக்கூறன்று, ஓர் உலோக அயனி. சூரிய ஒளி அதை எதுவும் செய்ய முடியாது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கோபால்ட் போதும், கண்ணாடி ஆழ்ந்த நீலமாகிவிடும். கையால் தீட்டப்பட்டவை என்பதால் ஓர் ஓட்டின் தூரிகைக் கோடு மற்றோர் ஓட்டில் அப்படியே திரும்ப வருவதில்லை. மை அதிகம் தங்கிய இடத்தில் நீலம் கருத்தும், தூரிகை விரைந்த இடத்தில் வெளிறியும் இருப்பதை அருகில் குனிந்து பார்ப்பவர் காணலாம்.

ஐரோப்பா இந்தப் பீங்கானுக்காகப் பல நூற்றாண்டு ஏங்கி, ஜெர்மனியின் சாக்சனியில் 1708ஆம் ஆண்டையொட்டித்தான் அதன் மறைபொருளைக் கண்டுபிடித்தது. மைசன் ஆலை 1710இல் தொடங்கியது. கேரளத்தின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. செம்புரைக்கல் படிவங்களுக்கு அடியில் பல இடங்களில் இருப்பது அதே வெண்களிமண்தான். கொல்லம் அருகே குண்டறையின் கயோலின் 20ஆம் நூற்றாண்டில் பீங்கான் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. சுவருக்குக் கல் வெட்டிய குழிகளை இன்னும் ஆழமாக்கியிருந்தால் வெண்களிமண் தட்டுப்பட்டிருக்கக்கூடிய நாட்டுக்குப் பீங்கான் ஓடு கப்பலில் வந்திறங்கியது என்றால், மூலப்பொருள் இருப்பது ஒன்று, அதை 1300 டிகிரிக்கு ஏற்றும் சூளையைக் கட்டத் தெரிவது மற்றொன்று என்றே கொள்ளவேண்டும். பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் சுடும் வெப்பத்தின் வரலாறே.

இதே தொழுகைக்கூடத்தின் உடைமையாக உள்ள செப்பேடுகள் நிலைபேற்றுக்கு மூன்றாவது வழியைக் காட்டுகின்றன. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000ஐ ஒட்டி, யூத வணிகத் தலைவரான யோசேப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் ‘வீட்டுப்பேறு’ எனப்படும் 72 சிறப்புரிமைகளும் வழங்கியதைக் குறிக்கும் அவற்றின் எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் பிரிந்து விலகாத காலத்துக்குரியது. பனையோலை இந்தக் கரையோர ஈரத்தில் சில நூற்றாண்டுகள் தாங்குவதே அரிது. இரும்பு அதற்கும் முன்பே துருவேறி உதிரும். செம்பின் மேல் படியும் ஆக்சைடுப் படலம் உட்பகுதியைக் காப்பதால், வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கும்படி இருக்கிறது.

இவை அனைத்துக்கும் இன்றைய பகைகள் வெவ்வேறு. பீங்கான் தரைக்கு எதிரி மணல்: கண்ணாடிப் பூச்சைவிட மணலின் குவார்ட்ஸ் கடினமானது என்பதால் காலணியோடு வரும் ஒவ்வொரு மணற்பருக்கையும் கீறலிடும், காலணியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும் என்ற விதி தொழுகைக்கூடத்துக்கான மரியாதையாக இருப்பதோடு ஓடுகளுக்கும் காப்பாகிறது. சுவரோவியத்தின் எதிரி உப்பு. துளைகள் நிறைந்த செம்புரைக்கல் நிலத்தின் ஈரத்தை மேலே உறிஞ்சுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில், அதாவது வண்ணத்துக்கு அடியில், படிகமாகிறது. மழைக்காலத்தில் கரைந்து கோடையில் மீண்டும் படிகமாகும் சுழற்சி வண்ணத் தகடுகளைத் தள்ளிப் பெயர்க்கிறது. மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்துக் காக்க நினைத்த முயற்சிகள் பலன் தந்ததில்லை; அஜந்தாவில் 1920களில் இத்தாலிய வல்லுநர்கள் பூசிய அரக்கு மஞ்சளித்து ஓவியங்களை மறைத்தது அறியப்பட்ட செய்தி.

குருவாயூர்க் கோயிலின் சுவரோவியங்கள் 1970இல் தீயில் அழிந்தபின், மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் முதலிய மூத்த ஓவியர்கள் பழைய முறையிலேயே அவற்றை மீண்டும் எழுதினர். கோயில் நிர்வாகமான தேவசம் 1989இல் தொடங்கிய சுவரோவியப் பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் காவியைத் தாமே அரைத்து, கரியைத் தாமே சேகரித்துக் கற்கின்றனர். மட்டாஞ்சேரி போன்ற இடங்களின் பராமரிப்புக்கு இந்த அறிவு நேரடியாகத் தேவை. சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பை சிமெண்டால் அடைத்தால், ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, அருகிலுள்ள ஓவியப் பகுதியின் வழியே உப்போடு வெளிவரும். சிமெண்டே தன் பங்குக்கு உப்புகளையும் சேர்க்கும். எனவே பழுதுபார்க்கும் சாந்து, மூலச் சாந்தைவிட வலுக்குறைந்ததாகவும் ஈரத்தை எளிதில் வெளிவிடுவதாகவும் இருக்கவேண்டும் என்பதே பாதுகாப்பு வேதியியலின் விதி. நன்றாக நீற்றி, நீரில் நெடுநாள் ஊறிய சுண்ணாம்பு இன்றும் அந்த விதிக்குப் பொருந்துகிறது.