நிரையும் மூலைவிட்டமும்

செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் பொதுவாக நீளத்தில் வேறுபடும். ஆனால் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். இரண்டு வடிவங்களிலும் வெட்டும் புள்ளி ஒவ்வொரு மூலைவிட்டத்தையும் சரிபாதியாக்கும். பள்ளியில் மனப்பாடமாகிவிடும் இந்த விதிகளை மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் தரையிலேயே பார்க்கலாம்.

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் மாநிலமெங்கும் பரவிய ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் தங்கிப் பால்வெட்டிப் பிழைத்தன. சமதரையில் ரப்பரைப் பெரும்பாலும் செவ்வக முறையில் நடுவார்கள்: நிரைக்கு நிரை அகலமான இடைவெளி, நிரைக்குள் மரத்துக்கு மரம் நெருக்கம். பால்வெட்டுபவர் ஒரே நிரையைப் பிடித்து நேராக நடந்து போக அது வசதி.

முளைக்குச்சி அடிக்கும்போது மூலை செங்கோணமாக இல்லாவிட்டால் நிரைகளெல்லாம் சாய்ந்துவிடும். பக்கங்களை மட்டும் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 40 மீட்டருக்கு 30 மீட்டர் என்று நான்கு குச்சிகள் அடித்ததாகக் கொள்வோம். மூலைகள் செங்கோணமானால் இரு மூலைவிட்டங்களும் 50 மீட்டர். மூலை 2 பாகை பிசகினாலும் பக்கங்கள் 40, 30 என்றே இருக்கும். மூலைவிட்டங்களோ ஒன்று ஏறத்தாழ 50.8 மீட்டர், மற்றது 49.2 மீட்டர் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோணலை ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட வித்தியாசமாகக் கயிறு காட்டிக்கொடுக்கிறது. வீட்டுக்கு அடித்தளம் போடும் கொத்தனாரும் எதிர்மூலைகளுக்கிடையே நாடா பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் மட்டைகள் எல்லாப் பக்கமும் சமமாக விரிவதால் முக்கோண முறையே பொருத்தம்; 9 மீட்டர் என்பது பரவலான இடைவெளி. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறு மரங்கள் அதே 9 மீட்டரில் நிற்கும். அடுத்தடுத்த இரு சமபக்க முக்கோணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்சதுரம் கிடைக்கும்.

அதன் குறுகிய மூலைவிட்டம் 9 மீட்டர், பாதி 4.5. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுவதால் பித்தாகரஸ் தேற்றப்படி நீண்ட மூலைவிட்டத்தின் பாதி 7.79 மீட்டர், முழு நீளம் 15.59 மீட்டர். அந்த 7.79தான் நிரைக்கும் நிரைக்கும் இடையே விடவேண்டிய தூரம். தோட்டங்களில் 7.8 மீட்டர் என்று சொல்லும் அளவு வேறெங்கிருந்தும் வந்ததல்ல.

சாய்சதுரத்தின் பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கலில் பாதி: இங்கே ஏறத்தாழ 70 சதுர மீட்டர். அது ஒரு மரத்துக்கான நிலம். ஆகவே ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 142 மரங்கள் நிற்கும். அதே 9 மீட்டரில் சதுரமாக நட்டால் 123தான். மரங்களுக்கிடையே நெருக்கம் கூடாமலேயே கிடைக்கும் இந்த லாபம் வடிவத்தின் கொடை.

மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாய்சதுரத்தின் மூலைவிட்டம் மூலைக் கோணத்தையும் பாதியாக்கும். செம்பனைச் சாய்சதுரத்தில் 60 பாகை 30, 30 ஆகவும், 120 பாகை 60, 60 ஆகவும் பிரியும். செவ்வகத்தில் அப்படி இல்லை. 40க்கு 30 செவ்வகத்தில் 90 பாகை ஏறத்தாழ 37, 53 என்றே பிரிகிறது. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினாலோ, சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் நீளத்தில் சமமானாலோ அந்த வடிவம் சதுரமாகிவிடும்.

மேட்டு நிலத்தில் சரிவை ஒட்டிப் படிவரப்பு வெட்டி நடுவதால் இந்த ஒழுங்கு அங்கே கலைந்துவிடும்.