புணே: கோட்டைக்கு வெளியே ஒரு வரலாறு

புணே நகருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் முதலில் தேடிச் செல்வது சனிவார் வாடா கோட்டையைத்தான். பேஷ்வாக்களின் இம்மாளிகைக்கு 1730-ல் முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டினார். யானைகள் மோதித் தகர்க்காதபடி இரும்பு முட்கள் பதிக்கப்பட்ட அதன் தலைவாயிலின் பெயர் 'தில்லி வாயில்'. 1818-ல் இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததுடன் பேஷ்வா ஆட்சி முடிவுக்கு வந்தது. 1828-ல் மாளிகை தீக்கிரையானது. மதிற்சுவர்களும் வாயில்களும் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன.

ஆனால், இன்றைய இந்தியாவின் கல்விக்கும் அரசியலுக்கும் வழிவகுத்த புணேயைக் காண விரும்புவோர் கோட்டையைப் பார்த்த கையோடு திரும்பிவிட முடியாது.

இடிக்கப்பட்ட பள்ளி: கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், புதவார் பேட்டையில் இருந்தது பிடே வாடா. 1848-ல் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியது இங்குதான். பேஷ்வா ஆட்சி வீழ்ந்து 30 ஆண்டுகளே ஆகியிருந்த நகரில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடம் நடத்தச் சென்ற சாவித்ரிபாய் மீது சாணமும் சேறும் வீசப்பட்டன. 2014-ல் புணே பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

பள்ளி நடந்த கட்டடத்துக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதை நினைவிடமாக்கும் மாநகராட்சியின் திட்டம் வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கியது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டபோது கட்டடம் பாழடைந்திருந்தது. புதிய நினைவிடம் எழுப்புவதற்காக அதே டிசம்பரில் அது இடிக்கப்பட்டது. எரிந்துபோன அரண்மனையின் சுவர்களைப் பேணியவர்கள், பள்ளியின் சுவர்களைக் காக்கத் தவறிவிட்டனர்.

கஞ்ச் பேட்டையில் புலே வாழ்ந்த வீடு மட்டும் நிலைத்திருக்கிறது. 1868-ல் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவர் தமது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்.

மாளிகையும் சிறையும்: நகரின் மற்றொரு புறத்தில் உள்ள எரவாடா பகுதிக்குப் பயணிகளை ஈர்ப்பது ஆகா கான் மாளிகை. 1942 ஆகஸ்ட் முதல் 1944 மே வரை காந்தியடிகள் இங்கு காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தபோதே உயிர்நீத்த மகாதேவ் தேசாய், கஸ்தூர்பா ஆகியோரின் சமாதிகள் இங்குள்ளன. 2003-ல் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அதே எரவாடாவின் மத்தியச் சிறை வளாகத்தில்தான் 1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் உருவானது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அளித்த பிரிட்டிஷ் அரசின் முடிவை எதிர்த்து, காந்தியடிகள் செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அவரது உயிருக்கு ஆபத்து என்ற நெருக்கடியில் அம்பேத்கர் பேச்சுக்கு இசைந்தார். தனித் தொகுதி முறை கைவிடப்பட்டது. மாகாண சட்டமன்றங்களில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தின் பங்கு 30.

கையெழுத்திட்டோரில் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகிய தமிழகத் தலைவர்களும் இருந்தனர். மகிழ்ச்சியில் ராஜாஜி தமது பேனாவை அம்பேத்கருடன் மாற்றிக்கொண்டார் என்பர். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1945-ல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் இந்த உண்ணாவிரதத்தைக் கடுமையாகச் சாடினார். ஒப்பந்தத்தின் 50-வது ஆண்டில் கான்ஷிராமும் அதை எதிர்த்து நூல் எழுதினார்.

நெடுங்காலம் பொதுமக்கள் காண முடியாதிருந்த இச்சிறையின் வரலாற்று இடங்களைப் பார்வையிட, 2021 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு சிறைச் சுற்றுலாவைத் தொடங்கியது.

தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் 7, 234 பேரவைத் தொகுதிகளில் 44 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. இத்தொகுதிகளில் வேட்பாளர் தாழ்த்தப்பட்டவராக இருக்க வேண்டும், வாக்களிப்பவரோ அனைவரும். ஒவ்வொரு தேர்தலிலும் தமிழக வாக்காளர் பின்பற்றும் இந்த ஏற்பாட்டின் வேர் எரவாடா சிறை முற்றத்தில் இருக்கிறது. புணே செல்லும் தமிழர்கள் தில்லி வாயிலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது அந்த முற்றத்துக்கும் ஒதுக்கலாம்.