ஆளுக்கு அல்ல, இடத்துக்குக் காவல்: அமெரிக்கக் கால்பந்தின் மண்டல ஓட்டம்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவாட்டர்பேக் பந்தை முன்னே எறியலாம். அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிடலாம். ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவது முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடுப்பாளர்களின் வேலை. அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளில் ஒன்றுதான் மண்டல ஓட்டம்.

வழக்கமான முறையில் இன்னார் இன்னாரைத் தடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். எந்த இடைவெளியில் ஓடுவது என்பதும் முடிவாகியிருக்கும். கடைசி நொடியில் எதிரணியினர் இடம் மாறினால் இந்தக் கணக்கு குழம்பும். மண்டல ஓட்டத்தில் தடுப்பாளரின் பொறுப்பு ஓர் ஆள் அல்ல, ஓர் இடம். பந்து ஆட்டத்துக்கு வந்ததும் ஐவரும் ஒரே திசையில் பக்கவாட்டாக அடியெடுத்து வைக்கிறார்கள். எதிரே ஆள் நின்றால் அவரைத் தடுக்க வேண்டும். எவரும் இல்லையென்றால் பக்கத்துத் தடுப்பாளரோடு சேர்ந்து ஒருவரை இருவராகத் தள்ள வேண்டும். அவர் நிலைகுலைந்ததும் இருவரில் ஒருவர் விலகி, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் காவல் வீரரான லைன்பேக்கரை நோக்கிப் போக வேண்டும்.

இதில் இரு வகை உண்டு. உள் மண்டல ஓட்டம் வரிசையின் நடுப்பகுதியைக் குறிவைக்கிறது. வெளி மண்டல ஓட்டம் வரிசையின் ஓரத்தைக் குறிவைத்து, எதிரணியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. வெளி மண்டலத்தில் ஓடுபவருக்கு மூன்று வழிகள்: ஓரத்தைச் சுற்றிப் போவது, நடுவில் திறக்கும் இடைவெளியில் நுழைவது, எல்லாரும் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் திரும்புவது. எதைத் தேர்ந்தாலும் ஒரே ஒரு வெட்டுத் திருப்பம்தான். பிறகு தயங்காமல் முன்னே பாய வேண்டும்.

இந்த உத்தியைச் சமநிலை கொண்டதாக ஆக்குவது இதோடு இணைந்த எறிதல். குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்து, மறைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறார், அங்கிருந்து எறிகிறார். தொடக்கத்தில் தடுப்பாளர்களின் அடிவைப்பு ஓட்டத்துக்குரியதாகவே தெரியும். எதிரணி ஓட்டத்தைத் துரத்தினால் எறிதலுக்கு இடம் கிடைக்கும். எறிதலுக்கு அஞ்சி நின்றால் ஓட்டத்துக்கு வழி திறக்கும். ஆகவே சமநிலை என்பது ஓட்டமும் எறிதலும் எண்ணிக்கையில் சரிபாதியாக இருப்பதல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தொடங்குவது.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்த அணி டென்வர் பிராங்கோஸ். 1995இல் மைக் ஷனஹன் தலைமைப் பயிற்சியாளரானார். தடுப்பு வரிசையை அலெக்ஸ் கிப்ஸ் பயிற்றுவித்தார். உடல் எடையைவிடக் கால்வேகத்துக்கே அவர் முதலிடம் தந்தார். அவ்வாண்டு வீரர் தேர்வில் 196ஆவதாக எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ், 1998 பருவத்தில் 2,008 யார்டு ஓடினார். 1997, 1998 பருவங்களில் அணி தொழில்முறை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. 1999இல் டேவிஸ் காயமடைந்தபோது ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டும், மறுஆண்டு மைக் ஆண்டர்சன் 1,487 யார்டும் ஓடினார்கள். ஆள் மாறியும் ஓட்டம் தளராததால், முறைக்கே பெரும்பங்கு உண்டு என்ற கருத்து வலுத்தது.

பின்னர் ஷனஹனின் உதவிப் பயிற்சியாளராக இருந்த கேரி கூபியாக் இதை ஹூஸ்டன் அணிக்குக் கொண்டுசென்றார். வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத ஏரியன் ஃபாஸ்டர், 2010இல் 1,616 யார்டு ஓடி லீகில் முதலிடம் பெற்றார். ஷனஹனின் மகன் கைல், 2016இல் அட்லாண்டாவின் தாக்குதலை வழிநடத்தினார். அப்பருவத்தில் அந்த அணி எடுத்த 540 புள்ளிகளே லீகில் மிக அதிகம்.

பலவீனமும் உண்டு. ஐவரில் ஒருவர் அரையடி பிந்தினாலும் எதிராளி உள்ளே புகுந்து, ஓட்டத்தைப் பின்னாலேயே முடக்கிவிடுவார். துணைக்குச் செல்ல ஒரு தடுப்பாளராவது எதிராளியின்றி இருக்க வேண்டும் என்பதும் இம்முறையின் தேவை. 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் குறிவைத்தது அதைத்தான். முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தி, மண்டல ஓட்டத்தை நம்பிய லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் தடுப்பாளர்கள் இருவராகச் சேர்வதைக் கடினமாக்கியது. ராம்ஸ் 3 புள்ளிகள் மட்டுமே எடுத்து, 13-3 என்று தோற்றது. மண்டல ஓட்டத்தை நம்பும் அணிகள் பந்து ஆட்டத்துக்கு வருமுன் வீரர்களை இடம்பெயர்த்தும், பிற தடுப்பு முறைகளை இடையிடையே கலந்தும் இதை ஈடுசெய்கின்றன.