கறுப்புப் பல்சக்கரம் கழுவ எளிதா?

மிதிவண்டி வாங்கும்போது கறுப்புப் பல்சக்கரத்தைக் கேட்பவர்கள் சொல்லும் காரணம், அழுக்குத் தெரியாது என்பதுதான். தெரியாததால் பல நாள் துடைக்காமலும் விட்டுவிடுகிறார்கள். மிதிகட்டையோடு சுழன்று சங்கிலியை இழுக்கும் இந்தச் சக்கரத்தில், எண்ணெயும் சாலை மணலும் குழைந்து கரிய பசையாகின்றன. அந்தப் பசை அரத்தைப் போலச் சங்கிலியையும் பற்களையும் தேய்த்துவிடும்.

தோட்டங்களில் ஓடிய பழைய ராலே வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அதன் பல்சக்கரத்தில் வெட்டப்பட்டிருந்த நாரைத் தலைகள் நினைவிருக்கும். அது குரோம் பூசிய எஃகு. வழவழப்பாக இருப்பதால் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும். ஆனால் குரோம் மிக மெல்லிய பூச்சு. அதற்கடியில் உள்ள நிக்கலும் கீறிவிட்டால் எஃகு துருப்பிடிக்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக்காற்றில் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

இப்போதைய நல்ல வண்டிகள் பலவற்றில் அலுமினியச் சக்கரமே வருகிறது. அதன் கறுப்பு பெரும்பாலும் பெயிண்ட் இல்லை. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலத்தை வளர்த்து, அதில் சாயம் ஏற்றுகிறார்கள். ‘ஆனோடைஸ்’ எனப்படும் இந்தப் படலம் பெயிண்ட் போல உரியாது. பல்லின் நுனி மட்டும் சங்கிலி உரசி வெளுக்கும், அது குறையல்ல. சொரசொரப்பான மங்கல் கறுப்பில் பசை நுண்குழிகளில் தங்குவதால் தூரிகை தேவை. மெருகேற்றிய வெள்ளி நிறச் சக்கரத்துக்குத் துணியே போதும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தண்ணீர் பீய்ச்ச இடமில்லாதவருக்கு இது பெரிய வசதி.

உண்மையான ஆபத்து கழுவும் திரவத்தில் இருக்கிறது. அடைத்த குழாய்க்கு ஊற்றுவதிலும், அடுப்புப் பிசுக்கு நீக்கும் சில திரவங்களிலும் காஸ்டிக் சோடா உண்டு. அது ஆக்சைடு படலத்தைக் கரைத்து, அலுமினியத்தையும் அரிக்கும். கறுப்பு திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறமாகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் திரும்பாது. புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுவது நல்லது.

முதலில் காய்ந்த துணியால் பசையை வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தால் எல்லா வகைக்கும் சரி. பிறகு சங்கிலிக்கு மட்டும் எண்ணெய், அதுவும் சில துளிகள். மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டே துடைக்கும்போது விரல் பற்களுக்கிடையே சிக்கக்கூடும், கவனம் தேவை. தட்டு பிரேக் வண்டியில் எண்ணெய் தட்டில் தெறித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது.