வீடு திரும்பும் முன் மின்கம்பியையும் பரிசோதியுங்கள்

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் மருந்துச் சீட்டு, உணவு முறை, அடுத்த பரிசோதனைத் தேதி ஆகியவற்றை மறவாமல் கேட்டுக்கொள்கின்றனர். நோயாளி எந்த அறையில் படுக்கப் போகிறார், அந்த அறையின் மின் இணைப்பு எந்த நிலையில் உள்ளது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் இன்று பலர் வீட்டிற்குத் தனியாகத் திரும்புவதில்லை. ஆக்சிஜன் செறிவூட்டி, மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி, சளி உறிஞ்சும் கருவி, நெபுலைசர், காற்று மெத்தை, மின்விசையால் உயரும் கட்டில் என ஒரு சிறு சிகிச்சை அறையே உடன் வருகிறது. இவை அனைத்தும் நாள் முழுவதும் மின்சாரத்தையே நம்பி இயங்குபவை. ஆகவே அந்த வீட்டின் மின்கம்பிகளும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

மருத்துவமனையில் ஒவ்வொரு படுக்கைக்கும் தனிப் பிளக், முறையான நில இணைப்பு, மின்தடையின்போது தானே இயங்கும் ஜெனரேட்டர், இவற்றைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் குடும்பத்தைச் சேர்கிறது. அதைத் தகுதியுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய வீடுகளின் நிலை

புதுச்சேரி நகரின் பழைய வீடுகள் அழகானவை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பாணி வீடுகளும், மேற்கே உள்ள திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழ் வீடுகளும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அத்தகைய சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும் இயல்புடையவை. கடற்காற்றின் உப்பு செம்பு, பித்தளை இணைப்புகளில் பச்சை பூக்கச் செய்கிறது. 2014 நவம்பர் இறுதியில், மழைக்காலத்தின் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். முதிய கட்டடங்களுக்கு மழைக்காலம் சோதனைக் காலம். அக்கட்டடங்களின் மின்கம்பிகளுக்கும் அவ்வாறே.

இவ்வீடுகள் பலவற்றில் தேக்குச் சட்டத்தின் மீது பித்தளைக் கவ்விகளால் பொருத்தப்பட்ட கம்பிகள் இன்னும் இருக்கின்றன. மிகப் பழைய கம்பிகளின் ரப்பர் உறை காலப்போக்கில் வெடித்து, தொட்டால் உதிரும். சில வீடுகளில் அலுமினியக் கம்பியுடன் செம்புக் கம்பியை முறுக்கி இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும். இரண்டு துளை மட்டுமே உள்ள பிளக்குகளில் எர்த் எனப்படும் நில இணைப்புக்கே இடமில்லை. முன்னாளில் சிலர் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தினர். பின்னர் அக்குழாய் பழுதாகிப் பிளாஸ்டிக் குழாய் பதிக்கப்பட்டபோது, வீட்டார் அறியாமலேயே எர்த் அறுந்துபோயிற்று. மூன்று துளைப் பிளக் சுவரில் இருப்பதனாலேயே அதன் பின்னால் எர்த் இருக்கிறது என்று கொள்ள இயலாது.

உடலுக்கு நேர்வது என்ன?

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். 1 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் உடலில் பாய்ந்தால் மெல்லிய கூச்சம் தோன்றும். சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விடவே முடியாது போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். அதற்கும் மேற்பட்ட அளவில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்துச் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம்.

பழைய ஃபியூஸ் கட்டையும், அதற்குப் பதிலாக வந்த எம்.சி.பி. என்னும் விசையும் இத்தகைய சிறு கசிவை அறிவதில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று 16,000 மில்லி ஆம்பியர் வரை தாராளமாக விட்டுவிடும். அது கம்பியைக் காப்பதற்கானது. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்பு விசை. வெளியே சென்ற மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே, நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

நலமாக இருப்பவர் மின் அதிர்ச்சி பட்டால் சில வேளைகளில் உதறித் தப்பிவிடுகிறார். படுக்கையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் நனைந்த தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடும். பக்கவாதத்தால் உணர்வு குறைந்த கைக்கு ஆரம்பக் கூச்சம் தெரியாது. மூச்சுத் திணறலால் குரல் எழுப்பவும் இயலாமல் போகலாம். வீட்டில் மற்றவர்கள் பல்லாண்டுகள் இடரின்றி வாழ்ந்த அறை, நோயாளிக்கும் பாதுகாப்பானது என்று கருத முடியாததற்கு இதுவே காரணம்.

யாரை அழைப்பது?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இல் வெளியாகி 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி, மின் அமைப்பில் புதிதாகச் சேர்த்தல், மாற்றுதல், பழுதுபார்த்தல் ஆகிய பணிகளை அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், அனுமதிச் சீட்டு பெற்ற வயர்மேன் அப்பணியில் ஈடுபட வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை அதே திறனில் மாற்றிப் பொருத்துவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. நோயாளியின் அறைக்குப் புதிய இணைப்பு இழுப்பது அந்த விலக்கில் அடங்காது.

தெருவில் நெடுநாள் பழகிய, கைத்திறன் மிக்க பணியாளரைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் உரிமம் பெற்றவர் தம் வேலைக்குச் சட்டப்படி பொறுப்பேற்கிறார். அளந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுக்கிறார். டெஸ்டர் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவரால் ஒரு துளையில் மின்சாரம் உண்டா என்பதைச் சொல்ல முடியும். எர்த் நன்றாக உள்ளதா என்பதைச் சொல்ல முடியாது.

அவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை:

1. தங்கள் உரிமத்தின் எண் என்ன? அது எந்தத் தேதி வரை செல்லும்? உரிமத்தை நேரில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

2. மெகர் கருவியால் கம்பிகளின் காப்புத்தன்மையை அளப்பீர்களா? 500 வோல்ட் சோதனையில் அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும்.

3. எர்த்தின் மின்தடையை அதற்குரிய கருவியால் அளப்பீர்களா?

4. ஆர்.சி.சி.பி. பொருத்துவீர்களா? இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் நியூட்ரல் கம்பிகள் கலந்திருந்தால் அந்த விசை காரணமின்றி அடிக்கடி விழும். கம்பிகளைப் பிரித்துச் சரிசெய்வதே முறை. தொல்லை என்று விசையையே எடுத்துவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

5. பொருள்களின் அளவும் தரமும் குறித்த மதிப்பீட்டையும், வேலை முடிந்தபின் சோதனை அளவுகள் அடங்கிய அறிக்கையையும் எழுத்தில் தருவீர்களா?

பழைய சுண்ணாம்புச் சுவரில் கம்பிக்காக ஆழமாகக் காடி வெட்டினால் சுவர் பலவீனப்படும். சுவரின் மேலேயே குழாய் அமைத்துக் கம்பி இழுப்பது நல்லது. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மருத்துவரின் கடிதம் உதவும் எனில் கேளுங்கள், தருவோம்.

செலவு தாங்காவிடில்

வீடு முழுவதும் கம்பி மாற்றுவது எல்லாக் குடும்பங்களுக்கும் உடனே இயலாது. அத்தகைய நிலையில் நோயாளியின் அறையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மீட்டர் பலகையிலிருந்து அந்த அறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இணைப்பு, அதற்கெனத் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கொல்லைப்புறத்தில் புதிய எர்த், கட்டிலருகே போதிய எண்ணிக்கையில் மூன்று துளைப் பிளக்குகள் ஆகியவை இருந்தால் பெரும் ஆபத்து விலகும். ஒரே நீட்சிப் பெட்டியில் எல்லாக் கருவிகளையும் செருகும் வழக்கமும் நீங்கும்.

மின்பளுவையும் கணக்கிட வேண்டும். நிமிடத்திற்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். நோயாளிக்கு வெந்நீர் வேண்டுமென வாங்கும் 2000 வாட் ஹீட்டரோ ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் செருகி வைத்துப் பொருத்துவது தீயை அழைப்பதாகும். குளிர்சாதனமும் சேருமானால், மின் கட்டணச் சீட்டில் குறித்துள்ள அனுமதிக்கப்பட்ட பளு போதுமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டு, தேவையெனில் மின்துறையில் உயர்த்தி வாங்குங்கள்.

மின்சாரம் நின்றால்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத் தாக்கியபோது நகரம் இருளில் மூழ்கியது. ஆக்சிஜனை நம்பியிருப்பவருக்கு மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி மின்கலம் உள்ள இன்வெர்ட்டர், நல்ல நிலையில் இருந்தால் 350 வாட் செறிவூட்டியை ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டும். அது சைன் அலை வகையாக இருப்பது அவசியம். அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு உருளையே துணை. 1500 லிட்டர் கொள்ளும் பி வகை உருளை, நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் வரும்.

ஆக்சிஜன் தானே எரிவதில்லை; எரிவதை மிக விரைவுபடுத்தும். அது ஊறிய போர்வையும் தலைமுடியும் ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். பொறி தெறிக்கும் பழைய சுவிட்ச் கட்டிலருகே இருக்கலாகாது. குத்துவிளக்கு, சாம்பிராணி, கொசுவர்த்தி, அடுப்பு ஆகியவை பத்து அடிக்கு அப்பால் இருக்கட்டும். அறையில் யாரும் புகைபிடிக்கலாகாது.

அதிர்ச்சி தாக்கினால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எங்கே உள்ளது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்கும் முன் வெறுங்கையால் அவரைத் தொடாதீர்கள். அணைக்க இயலாவிடில், உலர்ந்த தரையில் நின்று உலர்ந்த மரக்கோலால் கம்பியை விலக்குங்கள். மூச்சு இல்லையெனில் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்க வேண்டும்.

வீடு திரும்பும் தேதி முடிவானதும், கொண்டு செல்லப்போகும் கருவிகளின் பெயரையும் வாட் அளவையும் எழுதித் தருமாறு பிரிவின் செவிலியரைக் கேளுங்கள். அந்தத் தாளை மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். வேலை முடிந்து சோதனை அறிக்கை கைக்கு வரும்வரை ஓரிரு நாள் கூடுதலாகும் எனில் எங்களிடம் சொல்லுங்கள்; நோயாளியின் நிலையைப் பார்த்துத் தேதியை மாற்றி அமைக்க முயல்வோம். அதன்பின் மாதந்தோறும் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தும் முன் நோயாளியின் கருவிகளை மாற்று ஏற்பாட்டிற்கு மாற்றிக்கொள்ளுங்கள். விசை உடனே விழ வேண்டும். விழவில்லையெனில் அன்றே ஒப்பந்தக்காரரை அழையுங்கள்.