மின்னஞ்சலும் பொழுதுக் கணக்கும்

கடிதம் ஒன்று விடுப்பதற்குக் காசும் பொழுதும் வேண்டியிருந்த நாளில், எழுதுவோர் இருமுறை எண்ணியே எழுதினர். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாராகிய ரே டாம்லின்சன் என்பார், ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையின் வழியாக ஒரு கணினியினின்று மற்றொன்றிற்குச் செய்தி விடுத்துக் காட்டினார். நாளடைவில் அம்முறை உலகெங்கும் பரவிற்று. இன்று தபால்தலை வேண்டா. ஒருவர்க்கு எழுதுவதும் நூற்றுவர்க்கு எழுதுவதும் ஒரே உழைப்பேயாம். இதனால் விளைந்தது யாது? முன்னர் அனுப்புவோன் தோளில் இருந்த சுமை, இப்போது பெறுவோன் தோளுக்கு மாறிவிட்டது.

அலுவலில் அமர்ந்தோர் காலையில் அஞ்சற்பெட்டியைத் திறக்கின்றனர். ஒன்றற்கு விடையெழுதி முடிக்குமுன் வேறு மூன்று வந்து நிற்கின்றன. மாலையில் உடற்களைப்பு உண்டு. முடித்த வினை யாதெனின் சொல்ல இயலவில்லை. பிறர் வேண்டுகோள்களுக்கே நாள் முழுதும் செலவாயிற்று. இந்நிலை நீங்கும் வழியை ஆராய்வது நாளை அலுவலேற்கவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுவதாகும்.

நோயின் மூலத்தை முதற்கண் காண்போம். ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்னும் இருவர் 1996-இல் இதனை ஆராய்ந்து, அஞ்சலுக்கென அமைந்த பெட்டியையே மக்கள் செய்பணிக் குறிப்பேடாகவும் ஆவணக் களஞ்சியமாகவும் கையாளுகின்றனர் என்று காட்டினர். மூன்று தொழிலை ஒன்றன்மேல் ஏற்றினால் மூன்றும் கெடும் அன்றோ? ஆகவே, வந்த மடலில் செய்யத்தக்க பணி இருப்பின் அதனைத் தனியேட்டில் நாள் குறித்து எழுதிக்கொண்டு, மடலைப் பெட்டியினின்று அகற்றிவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, பெட்டியைத் திறக்கும் வேளையை வரையறுத்தல். கொஸ்டாடின் குஷ்லேவ், எலிசபெத் டன் என்போர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மக்கள் ஒரு வாரம் நாளொன்றுக்கு மும்முறை மட்டும் அஞ்சல் நோக்கினர். மற்றொரு வாரம் வேண்டியபோதெல்லாம் நோக்கினர். வரையறுத்த வாரத்தில் அவர்தம் மனவிறுக்கம் குறைந்திருந்தது. வருகையை அறிவிக்கும் ஒலியை அடக்கிவைத்தல் இதற்குத் துணையாம்.

மூன்றாவது, ஒரு மடலைப் படித்தவுடன் அதன் முடிவைத் துணிதல். டேவிட் ஆலன் என்பார் 2001-இல் வெளியிட்ட நூலில், இரண்டு நிமிடத்தில் முடியும் பணியை அப்பொழுதே முடித்துவிடுக என்கின்றார். ஏனையவற்றை உரியவர்க்கு அனுப்பலாம், நாள் குறித்து வைக்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். பலபல உறைகள் வகுத்து மடல்களைப் பாகுபடுத்துவதில் மிக உழைத்தல் வேண்டா. விட்டேக்கரும் அவர் துணைவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அங்ஙனம் உழைத்தோரினும் சொல்லால் தேடினோர் மடலைக் கண்டெடுப்பதில் பின்னடையவில்லை எனக் கண்டனர்.

இனிப் பொழுதுக் கணக்கு. பீட்டர் டிரக்கர் 1967-இல் எழுதிய நூலில், பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதை நினைவைக்கொண்டு அறிதல் இயலாது. எழுதியே அறிதல் வேண்டும் என வற்புறுத்துகின்றார். தொடங்கிய நேரம், முடித்த நேரம், பணியின் பெயர் என்னும் மூன்றே போதும். பணி நிகழும்போதே குறித்தல் வேண்டும். மாலையில் நினைந்து எழுதுவது கணக்காகாது, கற்பனையாகும். வார இறுதியில் கூட்டிப் பார்த்தால், பொழுதை விழுங்கும் பணி எது என்பது தானே வெளிப்படும்.

பொழுதைச் சிறு கூறாக்கி அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில், பாசறையில் அமர்ந்த வேந்தனுக்கு நீர்க்கன்னலால் பொழுதளந்து கூறுவோரைக் காண்கின்றோம். நம் முன்னோர் நாளை 60 நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இத்தாலியராகிய பிரான்செஸ்கோ சிரில்லோ, தாம் மாணவராயிருந்தபோது 1980-களின் இறுதியில், 25 நிமிடம் ஒரே பணியில் ஊன்றிப் பின் 5 நிமிடம் ஓய்தல் என்னும் முறையை வகுத்தார். ஏறத்தாழ ஒரு நாழிகையே அஃது! ஒரு நாழிகை ஒரு பணி என்று கணக்கிடின், குறிப்பதும் எளிதாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தன்னைத் தான் அறிய எழுதும் கணக்கு, வேலையாளை வேவுபார்க்கும் கருவியாக மாறின், அவன் உண்மையை எழுதான், கணக்கும் பயனிழக்கும். பணிநேரங் கடந்தும் மடல் துரத்துவது தீங்கென்பதை அரசுகளும் உணர்ந்துள்ளன. 50 பேருக்குக் குறையாத பணியாளரையுடைய நிறுவனங்கள், பணியாளர் ஓய்வுநேரத்தில் மின்தொடர்பினின்று விலகியிருக்கும் உரிமையைப் பற்றி அவர்தம் பிரதிநிதிகளோடு பேசி முறை வகுத்தல் வேண்டும் எனப் பிரெஞ்சு நாட்டில் 2017-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பெறுவோர் கடமை இவையாயின், அனுப்புவோர்க்கும் கடமை உண்டு. பொருளைத் தலைப்பிலேயே தெளிவாக்குக. ஒரு மடலில் ஒரு செய்தியே கூறுக. வேண்டாதார்க்குப் படி அனுப்பற்க. நாம் எழுதும் ஒவ்வொரு மடலும் மற்றொருவர் வாழ்நாளில் சில நிமிடங்களைக் கேட்டு வாங்குகின்றது. அங்ஙனம் வாங்கும் உரிமை நமக்கு உண்டா என ஒருகணம் எண்ணிப் பின் எழுதுவோமாக.